பச்சைத் தாள்

இரண்டு நாலு போட்டுவிட்டாள்.

மூன்றாவது பெட்டியிலும் நாலு. ஏழாவது பெட்டியிலும் நாலு.

பென்சிலை வைத்துவிட்டு மறுபடி எண்ணிப் பார்த்தாள். நாலு நாலாகவே நின்றது.

ஆஸ்திரேலியக் குடிமகளாகி அவள் போடும் முதல் வாக்கு. எட்டு வேட்பாளர்கள். ஒன்றிலிருந்து எட்டுவரை எல்லாப் பெட்டிக்கும் வரிசை எண் போட வேண்டும். ஒரே எண் இரண்டு தரம் வந்தால் வாக்குச் செல்லாது. இதைக் காரில் வரும்போதே தம்பி சேந்தன் மூன்று தரம் ஓதிவிட்டான்.

அரசியல் என்றால் அவனுக்குச் சோறு வேண்டாம். எந்தத் தொகுதியில் யார் எத்தனை வாக்கில் மண்ணைக் கவ்வினார் என்று நித்திரையிலும் சொல்வான். பதின்மூன்று வருடமாக இந்த நாட்டில் இருக்கிறான்.

வாக்குத்தான் இல்லை.

அவள் மணப்பெண்ணாக விமானத்தில் வந்தவள். அவன் படகில் வந்தவன். இன்னமும் தற்காலிக விசா.

வீட்டுக்காரர் தன் வாக்கைத் தன் இஷ்டத்துக்குப் போடுவார். தன்னுடையதை அவள் தம்பிக்கென்று கொடுத்திருந்தாள். வரிசையை அவன்தான் எழுதித் தந்தான். இதனால் அவனுக்கு விசா வந்துவிடப்போவதில்லை. அது இருவருக்கும் தெரியும். ஆனாலும் நேற்றிரவு அந்த வரிசையை நாலு தரம் மாற்றி எழுதினான்.

பென்சில்தானே, அழியாதா?

விரலை நாக்கில் தொட்டுத் தேய்த்தாள். நாலு போகவில்லை. பச்சைத் தாள்தான் ஊறிக் கறுத்தது.

மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அதுதான் அவளைப் போகவிடவில்லை.

போய்ச் சொன்னால்? பெயரை எழுதிக்கொள்வார்களா? குடியுரிமையில் கை வைப்பார்களா? அதிகப்படியான பயம்தான். ஆனால் அவள் வளர்ந்த ஊரில், அரசாங்கத் தாளைப் பாழாக்கிவிட்டுத் தானாகப் போய் ஒப்புக்கொண்டவர் எவருமில்லை.

போனாள்.

மேசைக்குப் பின்னால், காதில் பெரிய வளையம் போட்ட ஒரு வெள்ளைக்காரி. தயார்பண்ணி வைத்திருந்த ஆங்கிலமெல்லாம் காலை வாரிவிட்டது. தாளை நீட்டி, "மிஸ்டேக்," என்றாள்.

"நோ வொரிஸ், டார்ல்."

பழையதை வாங்கி ஓர் உறைக்குள் போட்டாள். கட்டிலிருந்து புதிதாக ஒன்றைக் கிழித்து, மூலையில் இனிஷியல் கிறுக்கி நீட்டினாள். போன தேர்தலில் தானே ஒரு தாளை வீணாக்கியதாகச் சொல்லிச் சிரித்தாள்.

எல்லாம் சேர்ந்து அரை நிமிடம்.

நிம்மதி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம், கண் கலங்கும் அளவுக்கு.

அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனது எந்த வருடம் என்று குடிவரவு அதிகாரிகள் சேந்தனிடம் கேட்டிருந்தார்கள். முதல் விசாரணையில் ஒரு வருடம் சொன்னான். இரண்டாவதில் வேறொரு வருடம். முதல் விசாரணை, படகிலிருந்து இறங்கிய ஒன்பதாவது நாள். அவனுக்குப் பத்தொன்பது வயது.

அந்த ஒரு எண்ணைக் காட்டித்தான் அவனுடைய அகதி மனுவைத் தள்ளினார்கள்.

அவள் திரும்பிப் போய் ஒன்றிலிருந்து எட்டுவரை எழுதினாள். ஒவ்வொன்றையும் விரல் வைத்துச் சரிபார்த்தாள். பெட்டியில் போட்டாள்.

வாசலில் சேந்தன், ஒரு கையில் சாசேஜ் வைத்த பாணும் மறு கையில் எல்லாக் கட்சிக்காரரும் திணித்த துண்டுப்பிரசுரங்களுமாக நின்றான். ஒன்றையும் வேண்டாமென்று சொல்லியிருக்க மாட்டான்.

"என்னக்கா இவ்வளவு நேரம்? நான் இஞ்ச நிண்டு தவிச்சுப்போனன். ஒண்டு சொல்ல மறந்திட்டன். பிழைச்சாலும் பயமில்லை. கேட்டா வேற தாள் தருவினம்."

அவள் காரைத் தேடுவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்குத் தேவைப்படேல்ல," என்றாள்.