விரல் வைத்தியம்

பழைய பயத்தைக் கரைக்க டாக்டர் கொடுத்த போதைக் காளான் மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் சுவர்கள் மூச்சு விட்டன. "என் விரலை மட்டும் பாரும்மா," என்றார் டாக்டர். விரல் இடமும் வலமும் போய்வர, மேகலாவின் கண்களும் கூடவே போய்வந்தன. நினைவில் அவள் கழுத்தை நெரித்துக்கொண்டேயிருந்த கைகள் சிறுத்து, எறும்பாகி, ஊர்ந்தே போய்விட்டன. யாருடைய கைகள் என்று மட்டும் அவள் சொல்லவில்லை. வெளியே காத்திருந்த கணவனுக்கு டாக்டர் விரலை ஆட்டிக் காட்டினார். "வீட்ல பதறினாங்கன்னா நீங்களே இப்படிச் செய்யுங்க." அவன் அக்கறையாகக் கற்றுக்கொண்டான். மறுநாள் டிவி பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள், எத்தனையோ வருஷம் கழித்து. "என்னடி சிரிப்பு?" அவன் எழுந்து வந்த வேகத்தில் அவளுக்கு உடம்பு உதறியது. அவன் நிதானமாக ஒரு விரலை உயர்த்தினான். "விரலை மட்டும் பாரும்மா." கண்கள் இடம் போயின, வலம் வந்தன. உதறல் அடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, இன்னொரு கையை அவள் கழுத்துக்குக் கொண்டுபோனான்.