தோளைத் தொடும் வரை

பாக்கியத்தாய் இன்னும் வரவில்லை.

அவளுக்காகக் காத்திருந்தவள் முழங்காலில் நின்றபடியே கோயில் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வெயில்தான் நின்றது.

ஜெபத்தின் நடுவில் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டாள். இது எத்தனையாவது தடவை என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

பண்டிகைக்கு முந்தின வாரம் சபையில் சங்கிலி ஜெபம். இரவும் பகலும் பீடத்துக்கு முன்னால் யாராவது ஒருவர் முழங்காலில் நிற்க வேண்டும். அடுத்தவர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்திருக்கலாம். நடுவில் ஆள் இல்லாமல் போனால் சங்கிலி அறுந்துவிடும்.

அறுந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாததால்தான் பயம்.

அவளுடைய முறை எப்போதோ முடிந்துவிட்டது. அடுத்தது பாக்கியத்தாய். சொந்தக் கல்யாணத்துக்கே பிந்தி வந்தவள் என்று ஊரே கேலி பேசும்.

அதற்காக இன்றைக்கா பிந்த வேண்டும்?

இன்னும் கொஞ்ச நேரத்தில் கோயில் ஸ்டாப்புக்குத் திருவனந்தபுரம் பஸ் வரும். அதில் அவள் மகன் ஆசீர் வருகிறான். மஸ்கட்டில் வேலை கிடைத்திருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து விமானம். வருஷக்கணக்காக வீட்டு வாசலை மிதிக்காதவன் நேற்று போனில் சொன்னான்.

"பஸ் நிக்கிற நேரந்தாம்மா. ஸ்டாப்புல நில்லுங்க. மொகத்தப் பாத்துட்டுப் போயிருதேன்."

வீட்டுக்கு வர மாட்டான். வீட்டில் அப்பா இருக்கிறார்.

பிறந்த மாதமே மூச்சு முட்டிக் கிடந்த பிள்ளை. பிழைத்தால் உம்முடைய ஊழியத்துக்கே தந்துவிடுகிறேன் என்று இதே பீடத்துக்கு முன்னால் அவள் புருஷன் பொருத்தனை செய்தார்.

பிள்ளை பிழைத்தான். வேதாகமக் கல்லூரிக்கும் போனான்.

பாதியில் திரும்பி வந்தான். எனக்கு அழைப்பு இல்லை, கிரேன் ஓட்டப் படிக்கப்போகிறேன் என்றான்.

ஆண்டவருக்குக் கொடுத்ததை என் வீட்டில் சேர்க்க மாட்டேன் என்று கதவைச் சாத்தினார் அப்பா.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே விண்ணப்பம். பிள்ளை எப்போது வர வேண்டும், எந்தப் பக்கமாக வர வேண்டும், வந்ததும் அப்பா என்ன சொல்ல வேண்டும், அதற்கு அவன் என்ன சொல்ல வேண்டும். ஆண்டவருக்கு அவள் வழி சொல்லிக்கொடுக்காத நாள் கிடையாது.

இப்போதும் அதற்காகத்தான் முழங்காலில் நிற்கிறாள்.

அவன் வந்துகொண்டிருக்கிறான். அவளால் எழுந்து போக முடியவில்லை.

எழுந்துவிட்டால்தான் என்ன?

ஒரு முழங்காலைத் தூக்கினாள். கடலுக்கு மேல் பறக்கப்போகும் விமானம் நினைவுக்கு வந்தது. சட்டென்று மறுபடி ஊன்றிக்கொண்டாள். ஏதோ அவள் முழங்கால்தான் அதை வானத்தில் தாங்கப்போகிறது என்பதுபோல.

"ஒரு வார்த்தை சொல்லும் ஆண்டவரே."

மின்விசிறிதான் கிறீச்சிட்டது.

பாக்கியத்தாயை நாலு வார்த்தை திட்டத் தோன்றியது. கோயிலுக்குள் இருப்பதால் விட்டுவிட்டாள்.

தூரத்தில் ஹாரன். பஸ் பாலம் ஏறிவிட்டது.

தோளில் ஒரு கை விழுந்தது.

அப்பாடா என்று திரும்பினாள்.

அவள் புருஷன் நின்றார். மகன் வருகிறான் என்று நேற்று சொன்னபோது காதில் விழாதவர் போல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த மனிதர். மூச்சு இரைத்தது.

"ஸ்டாப்புல ஒன்னயக் காணல. ஏட்டி, நீ போ. நான் முழங்கால்ல நிக்கேன்."

அவள் எழுந்துவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். ஓட வேண்டியதுதான் பாக்கி.

ஸ்டாப்பிலா?

அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடும் சட்டை. இன்று செவ்வாய்க்கிழமை. அவசரமாகச் சவரம் செய்ததில் தாடையில் ஒரு கீறல். கையில் கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலம். அவர் சர்க்கரை வியாதிக்காரர்.

பொட்டலத்தை அவளிடம் நீட்டினார்.

"இதக் குடுத்துரு."



இப்போது விட்டால் காண்ட்ராக்ட் முடிந்துதான் அவன் முகத்தைப் பார்க்க முடியும். அவளுக்குப் போக வேண்டும். ஐயோ, அவளுக்குத்தான் போக வேண்டும்.

பொட்டலத்தை வாங்காமலே அவள் மறுபடி முழங்காலிட்டாள்.

"நீங்க போங்க. என் மொற இன்னும் முடியல."

அவர் அசையவில்லை.

"போயி என்னத்தப் பேச?"

எத்தனையோ நாள் அவள் யோசித்து, வரிசைப்படுத்தி, ஆண்டவரிடம் ஒப்பித்து வைத்திருந்த பேச்சு. அதில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. சரளில் நடக்கும் சத்தம். பிறகு ஓடும் சத்தம்.

அவள் கண்ணை மூடினாள். இத்தனை வருஷமும் ஆண்டவரைப் பேசவிடாமல் பேசியவளுக்கு, இப்போது கேட்க ஒன்றும் இல்லை.

"என்னால ஆகாது. நீரே பாத்துக்கிடும்."

பஸ் வந்து நின்றது.

கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

கண்டக்டர் விசில் அடித்தார்.

பஸ் கிளம்பவில்லை.

மறுபடி அடித்தார். யாரையோ ஏறச் சொல்லிச் சத்தம் போட்டார். டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தார்.

பஸ் அங்கேயே நின்றது.