இரண்டாவது டியூப்

“ஜாடியோட கைப்பிடி மறுபடியும் கழண்டு வந்துடுச்சு,” என்று நான்காவது வாரமாக வந்து நின்றாள் அவள்.

“இந்தக் காலத்துப் பசையே சரியில்லீங்க,” என்று ரிப்பேர் கடைக்காரன் கூசாமல் பழியைப் பசை மேல் போட்டான். அந்தப் பசை இரண்டு டியூப்களில் வரும்; இரண்டையும் கலந்தால்தான் அது கல்லாக இறுகும். இறுகிவிட்டால் அவள் வரமாட்டாளே என்று, இரண்டாவதை அவன் திறக்கவே இல்லை.

“நீங்க எங்க வேலை பாக்கறீங்க?” என்று மெல்லப் பேச்சுக் கொடுத்தான்.

“இதே பசைக் கம்பெனியிலதான். ஒழுங்கா இறுகுதான்னு சோதிச்சுப் பாக்கறது என் வேலை.”

அவன் முகத்தில் ஈயாடவில்லை. “அப்போ... முதல் வாரமே தெரியுமா?”

“தொட்டதுமே தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏங்க திரும்பத் திரும்ப வந்தீங்க?”

“அதைக் கேக்க உங்களுக்கு நாலு வாரம் ஆச்சா?” என்றபடி, மேஜையில் கிடந்த இரண்டாவது டியூப்பை எடுத்து, மூடியைத் திருகித் திறந்து அவனிடம் நீட்டினாள்.