எங்கட ஆள் ஒருத்தன்

"வாக்குச்சீட்டுக் கவரை அனுப்பிப்போட்டியளோ, அண்ணை?"

யோகராஜா, தவராஜா வீட்டு வாசலில் நின்றபடியே கேட்டார். இனாமாக வந்த நீலக் குடை படிக்கட்டெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. விடிந்தால் ஞாயிறு, வாக்கெடுப்பு. கம்பனிகளின் மருத்துவக் காப்புறுதியை நிறுத்தி, நாட்டுக்கே ஒரு பொதுக் காப்புறுதி கொண்டுவரலாமா என்று சுவிஸ் முழுக்கக் கேட்கிறார்கள். அவர்கள் இருக்கும் ஓல்டன் நகரில் வாக்குரிமை உள்ள பன்னிரண்டு தமிழ் வீடுகளையும் 'ஓம்' போடவைக்க மனுசன் ஒரு மாதமாக ஓரிடத்தில் இருக்கவில்லை.

காரணம் வீட்டிலேயே இருந்தது. மனைவி யோகாம்பாளுக்கு நெஞ்சுக்குத்து. இப்போதைய கம்பனிக் காப்புறுதியில் வருடத்தின் முதல் இரண்டாயிரத்து ஐந்நூறு பிராங்கைக் கைக்காசாகக் கட்டவேண்டும் என்பதால், ஸ்கான் எடுப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறாள்.

"ஓம், அனுப்பிப்போட்டன்," என்றார் தவராஜா. "ஆனால் 'இல்லை' எண்டுதான் போட்டனான்."

"என்னண்ணை, விளையாடுறியளோ?"

தவராஜா ஒரு துண்டுப் பிரசுரத்தை நீட்டினார். அச்சு அசல் யாழ்ப்பாணத் தமிழ்.

'இருபது வருசமா என்ர நெஞ்சைத் தொட்டுப் பாத்த டொக்டரை விட்டிட்டு, பேர் தெரியாத ஒருத்தனுக்கு முன்னால சேட்டைக் கழட்டவோ?'

"இதை வாசிச்சாப் பிறகு எனக்கு 'ஓம்' போடக் கை வரேல்லை, தம்பி. மற்ற வீடுகளும் இதைத்தான் கதைக்குதுகள். எல்லாரும் அனுப்பியும் போட்டினம்."

யோகராஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டொக்டரை மாற்றவேண்டும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் அந்தப் பேச்சு எங்கேயோ கேட்டதுபோல நெஞ்சில் போய் ஒட்டியது. அடியில் பொடி எழுத்தில், காப்புறுதிக் கம்பனிகள் சேர்ந்து நடத்தும் ஒரு குழுவின் பெயர் இருந்தது.

"வெள்ளைக்காரனுக்கு இந்தக் கதை வராது, அண்ணை. எங்கட ஆள் ஒருத்தன்தான் எங்கட பயத்தை அவங்களுக்குக் காட்டிக் குடுத்திருக்கிறான். ஆரெண்டு தெரியட்டும், சும்மா விடமாட்டன்!"

மழைக்குள் வீட்டுக்கு நடந்தார். வழி நெடுக மனசுக்குள் ஒவ்வொரு ஆளாகச் சந்தேகித்துப் பார்த்தார். காப்புறுதி முகவர் பானுஜனா? மொழிபெயர்ப்பு வேலைக்குப் போகும் சிவலிங்கமா? சிவலிங்கம்தான் என்று படியேறும்போது தீர்ப்பே எழுதிவிட்டார்.

"இஞ்ச பாரும், அந்தச் சிவலிங்கம் செய்த வேலையை!"

யோகாம்பாள் கண்ணாடியைப் போட்டு வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள்.

"என்னப்பா, இது நீங்கள் சொன்னதெல்லே?"

"நானோ?"

"மாசியில ஒரு பிள்ளை தமிழில போன் எடுத்து, பொதுக் காப்புறுதி வந்தால் உங்களுக்கு என்ன பயம், மனசில இருக்கிறதைச் சொல்லுங்கோ ஐயா எண்டு கேட்டவளெல்லே. அப்ப நீங்கள் சட்டத்தை வாசிக்கேல்லை; ஒரு மணித்தியாலம் இதைத்தானே சொல்லிக்கொண்டு நிண்டனீங்கள்."

மூலையில் சொட்டிக்கொண்டிருந்த நீலக் குடையை அவள் பார்த்தாள்.

"அதுக்கு நன்றியெண்டுதானே இதை அனுப்பினவை."