வாசலில் ஒரு ஜோடி

ஷூவை வெளியே விட்டுவிட்டாள்.

பலகையில் முக்கோணத்தின் இரண்டாவது கோடு விழும்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. அவள் மடியில் பை இல்லை. மற்ற பதினோரு பேர் மடியிலும் இருந்தது.

இந்த வீட்டுக்குப் படிக்க வந்தால் ஷூவைக் கழற்றிப் பையில் போட்டு உள்ளே எடுத்து வந்துவிட வேண்டும். விதவை ஒருத்தியும் அவள் குழந்தையும் மட்டும் இருக்கிற வீட்டு வாசலில் பன்னிரண்டு ஜோடி கிடக்கலாமா?

ஆனால் இன்று அவள் ஷூ முழுக்கப் பனிச்சேறு. நஜீலா டீச்சர் முந்தின நாள்தான் கம்பளத்தைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். சேறும் சகதியுமாக அதை எப்படி ஒருவர் வீட்டுக்குள் கொண்டுபோவது? பதினைந்து வருஷப் பழக்கம். கை தானாகவே கழற்றி வைத்துவிட்டது. அதுவும் ஒழுங்காக, ஜோடி சேர்த்து.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

டீச்சர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார். உள் அறைக் கதவைச் சாத்திவிட்டு வாசலுக்குப் போனார். பழைய கதவு. ஒரு விரல்கடை திறந்தே நின்றது.

அந்த இடுக்கு வழியாக அவளுக்கு வாசற்படி மட்டும் தெரிந்தது. நான்கு பூட்ஸ் கால்கள். ஊன்றியிருந்த துப்பாக்கியின் கட்டை. நடுவில் அவள் ஷூ.

ஒழுக்கத்துறை ஆட்கள்.

அவர்கள் படி தாண்டவில்லை. ஆண் துணை இல்லாத வீட்டுக்குள் அந்நிய ஆண் நுழையக் கூடாது. அவர்களே கொண்டுவந்த சட்டம். ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும் அவர்கள் கொண்டுவந்ததுதான். இரண்டும் ஆண்டவன் சொன்னது என்றார்கள்.

"இங்க பொண்ணுங்க வந்து போறதா சொல்றாங்களே."

"துணி தைக்கக் குடுக்க வருவாங்க."

"இப்ப யாரு வந்திருக்கா?"

"யாரும் இல்லை. நானும் என் மகளும்தான்."

"அப்ப இது யாரோடது?"

பூட்ஸ் நுனி அவள் ஷூவை நெட்டியது.

டீச்சர் பதில் சொல்வதற்குள் ஒருவன் குந்தி உட்கார்ந்தான். மீசை அரும்பாத முகம். அவள் அண்ணன் வயதுதான் இருக்கும். டீச்சரை ஒட்டி வந்து நின்ற மகளைப் பார்த்துச் சிரித்தான்.

"நீ சொல்லு தங்கம். இது யாரோடது?"

ஹுமாவுக்கு ஐந்து வயது.

"எங்கம்மாவோடது."

"இவ்வளவு சின்னதா? உங்கம்மாவுக்கு என்ன பொம்மைக் காலா?"

"போட்டுக் காட்டச் சொல்லுடா, பாத்துடலாம்" என்றான் நின்றிருந்தவன்.

இப்போது எழுந்து போக வேண்டும். ஷூ என்னுடையது, பாவாடை தைக்கக் கொடுக்க வந்தேன் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு பெண், ஒரே ஒரு ஜோடி. நம்பினாலும் நம்புவார்கள்.

அவள் முழங்கால் தரையை விட்டுக் கிளம்பவில்லை.

ஆண்டவனே, இவர்கள் போய்விடட்டும். இனிமேல் இந்தத் தெருப்பக்கமே வர மாட்டேன். புத்தகத்தைத் தொடக்கூட மாட்டேன்.

டீச்சரின் கால் ஷூவுக்குள் நுழைந்தது. குதிகால் போகவில்லை. விரலை விட்டு நெம்பினார். விரல் வெளுத்தது. குதிகால் போனது.

"சரியாத்தான் இருக்கு" என்றார்.

நின்றிருந்தவன் சிரித்தான்.

"நல்லதாப் போச்சு. அதோடயே நடந்து வா, ஆபீஸ்ல வந்து பேசிக்க. நாளைக்குப் பொம்பளைங்கள அனுப்பி வீட்டைச் சோதனை போட்டுக்கறோம்."

டீச்சர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஹுமா, ரைஹானா அத்தை வர்ற வரைக்கும் வீட்டுக்குள்ளயே இரு."

பக்கத்தில் நிற்கிற குழந்தைக்கு அவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை.

படியிறங்கும் ஓசை. ஒரு காலை இழுத்து இழுத்து வைக்கிற நடை. அது மெல்லத் தேய்ந்து போனது.

இருக்கிறவர்களில் மூத்தவள் ஸர்கூனா. அவள் எழுந்து உள்ளங்கையால் முக்கோணத்தை அழித்தாள்.

ஒவ்வொருத்தியாக, இடைவெளி விட்டுத்தான் வெளியே போக வேண்டும். ஒவ்வொருத்தியும் பையைப் பிரித்துத் தன் ஷூவை எடுத்தாள். எடுத்துக்கொண்டே மற்றவர்கள் மடியை ஒரு சுற்றுப் பார்த்தாள். பை இல்லாத அவள் மடிக்கு வந்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

ஒருத்தியாவது திட்டியிருக்கலாம்.

கடைசியில் அவள் மட்டும் இருந்தாள்.

பக்கத்து வீட்டு ரைஹானா இன்னும் வரவில்லை. ஹுமா எங்கோ போய்விட்டு வந்தாள். நெஞ்சோடு ஒரு ஜோடி கறுப்பு ஷூவை அணைத்திருந்தாள்.

"அக்கா, அம்மா உங்களோடதப் போட்டுட்டுப் போயிட்டாங்கல்ல. நீங்க அம்மாவோடதப் போட்டுக்கங்க."

அவள் கால்விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"வெளிய பனி அக்கா. போடுங்க."

போட்டுக்கொண்டாள். உள்ளே கால் அலைந்தது. ஹுமா மண்டியிட்டு நாடாவை இழுத்து இறுக்கினாள். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு முடிச்சுப் போட்டாள். அவிழ்ந்தது. மறுபடியும் போட்டாள்.

"நாளைக்குக் கொண்டுவந்து குடுத்துடுவீங்கல்ல? அம்மாகிட்ட வேற இல்ல."

அவள் உதடு அசைந்தது.

ஹுமா நிமிர்ந்து பார்த்தாள்.

"கேக்கலக்கா."