சுகிர்தாவின் உள்ளங்கை

“எம் பெட்டியத் தெறந்து ராணிய எடுத்தது நீதாண்டி!” என்று மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினான் ஜெயசிங்.

“ஒம்ம ஈய எடுத்து நான் புட்டா அவிக்கப் போறேன்? போவும் ஓய்!” என்றாள் அடுத்த வீட்டுச் சுகிர்தா.

அவனுக்கு இருந்ததே அந்த ஒரு தேன்கூடு. ராணித் தேனீ இல்லாவிட்டால் கூடே அழிந்துவிடும். அவள் கூட்டில் ராணி செத்துப்போனது தெருவுக்கே தெரியும். “கர்த்தர்மேல ஆணை, நான் தொடல்ல” என்று அவள் வலது கையைத் தூக்கியதுதான் தாமதம், அவன் பெட்டித் தேனீக்கள் பறந்து வந்து அந்த உள்ளங்கையில் அப்பிக்கொண்டன. ஒன்றுகூடக் கொட்டவில்லை. ராணியைத் தொட்ட வாசனை கையில் இருந்தது. ராணியே வந்துவிட்டாள் என்று ஒன்றுக்கொன்று சேதி சொல்லிச் சிறகை விசிறின. சோப்புப் போட்டுத்தான் கழுவியிருப்பாள், பாவம்.

பொய் சொன்ன கை மணிக்கட்டுவரை பொன்னாக நெளிவதைப் பார்த்த ஜெயசிங்குக்குத் திட்ட வந்ததே மறந்துபோயிற்று.

“பாத்து எறக்கு பிள்ளே, நசுங்கிரும்” என்றான், மெதுவாக.

சித்திரையில் இருவருக்கும் கல்யாணம். மதிலைத் தாண்டிப் போனது அவன்தான், பெட்டியையும் தூக்கிக்கொண்டு, வீட்டோடு மாப்பிள்ளையாக.