ஐம்பத்து நாலு கிலோ

"அசையாம நில்லு மச்சி. முள்ளு ஆடிக்கினே கீது" என்றான் லாரன்ஸ்.

எடை மெஷின் மேல் இருப்புக்கொள்ளாமல் நின்றிருந்தான் காஷிஃப். மயிலாப்பூர் சந்தில் லாரன்ஸின் பைக் ஷெட் அது. நாளை மறுநாள் டிராக் ரேஸ். நேர் ரோட்டில் கால் மைல் தூரம், கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஓட்டுகிறவன் ஒரு கிலோ குறைந்தால்கூட வண்டிக்கு லாபம். அதனால் வண்டியில் கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டுக் கடைசியில் ஆளையும் நிறுத்துப் பார்ப்பது இந்த ஷெட்டின் வழக்கம்.

முள் ஐம்பத்தைந்தில் நின்றது. போன மாதம் அறுபத்திரண்டு. லாரன்ஸ் அவன் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு, சாக்பீஸை எடுத்துச் சுவரில் எழுதினான்.

பக்கத்து வரிசை, போன வருஷம் இங்கே வண்டி ஓட்டிய வெள்ளைத்துரையுடையது. அறுபத்தைந்து, அறுபது, ஐம்பத்தேழு, ஐம்பத்து நாலு. அதற்குக் கீழே வெறும் சுவர். அந்த ஐம்பத்து நாலில்தான் துரை இந்த ஷெட்டில் யாருமே தொடாத நேரத்தைத் தொட்டான். அன்று எல்லோரும் கைதட்டி விசிலடித்தார்கள். பத்தே நாளில் அவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். டிப்ரஷன் என்று டாக்டர் எழுதிய சீட்டு பிறகுதான் அவன் பெட்டியில் கிடைத்தது.

வருஷம் ஒன்றாகியும் லாரன்ஸுக்கு மனசு ஆறவில்லை. ஸ்பானரை எடுப்பான், வைப்பான், வாசலுக்குப் போவான், திரும்பி வருவான். தினமும் கூடவே கிடந்தவன், ஒரு அடையாளமாவது கண்ணில் பட்டிருக்க வேண்டாமா? துரை குடிக்கவில்லை, அழவில்லை, யாரிடமும் எரிந்து விழவில்லை. யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை துரையின் வண்டியைத்தான் காஷிஃப் ஓட்டப்போகிறான். துரையின் நேரத்தை முறியடித்து, கோப்பையைத் துரையின் அம்மா பாஞ்சாலியின் கையில் கொடுக்க வேண்டும். லாரன்ஸுக்கு வேறு ஆசையே இல்லை.

மதியம் காஷிஃபுக்கு வாங்கிவந்த பிரியாணிப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. லாரன்ஸ் அதைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தான்.

"இன்னும் ஒரே கிலோ. தொரை மாதிரியே டயட்டுல கரெக்டா கீற மச்சி."

காஷிஃப் மெஷினைவிட்டு இறங்கவில்லை. சுவரில் துரையின் வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

லாரன்ஸ் வண்டியின் செயினைத் தளர்த்தினான், மறுபடி இறுக்கினான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா? ரேஸாவது மண்ணாவதுன்னு தூக்கிப் போட்டுட்டு அவங்கூடவே உக்காந்திருப்பேனே."

அந்த எண்களிலிருந்து கண்ணை எடுக்காமலே காஷிஃப் மெல்லச் சொன்னான்:

"நான் டயட்ல இல்ல மச்சி."